கிணற்றுக்குள் போன வானொலி

சில ஆண்டுகளுக்கு முன்னர் சாவகச்சேரியில் ஒரு சிறிய வர்த்தகக் கண்காட்சி நடந்தது. தரை ஓடுகள், நீரிறைக்கும் இயந்திரங்கள், சூரிய மின்கலங்கள், ஐஸ்கிறீம் என்று வழமையான கடைகள். அவற்றின் கடைசியில், ஒரு மேசையும் இரண்டு கதிரைகளும் கொண்ட ஒரு கூடம் இருந்தது. அங்கே விற்பதற்கு எதுவும் இல்லை. ஒரு வானொலிக் கருவி, ஒரு கார் பற்றரி, கூரைக்கு மேலாக இழுத்துக் கட்டிய ஒரு கம்பி. அவ்வளவுதான். அமெச்சூர் வானொலி எனப்படும் பொழுதுபோக்கை மக்களுக்கு அறிமுகம் செய்யும் கூடம் அது. அதற்குரிய அரச உரிமம் பெற்ற நண்பர் ஒருவர், "நான் கருவியைப் பார்க்கிறேன், வருகிற சனத்துக்கு விளங்கப்படுத்த நீர் வாரும்" என்று கேட்டதால், இரண்டு நாட்கள் தொண்டராக நின்றேன். கலைப் பட்டதாரியான எனக்கு மின்னியல் தெரியாது. கதை சொல்லத் தெரியும் என்பது மட்டுமே என் தகுதி.

இளைஞர்கள் எல்லோரும் ஒரே கேள்வியையே கேட்டார்கள்: "கையில் போன் இருக்கேக்கை இது என்னத்துக்கு?" அதற்குப் பதில் ஆயத்தமாக வைத்திருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அப்படிக் கேட்கவில்லை. தூரத்தில் நின்று பார்த்தார்கள். கருவியோடு இணைந்த ஒலிவாங்கியைக் கண்டதும் சிலர் திரும்பிப் போனார்கள். முதல் நாள் மாலை எண்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர், மெதுவாகக் கிட்ட வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தம்பி, இதை வைச்சிருந்தா இப்ப பிடிக்கமாட்டினமோ?"

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

வானொலி என்பது பிறக்கும்போதே பொழுதுபோக்காளர்களின் கையில் வளர்ந்த பிள்ளை. 1901 டிசம்பரில் மார்க்கோனியின் சமிக்ஞை அத்திலாந்திக்கைக் கடந்த பின்னர், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீட்டிலேயே கருவிகளைச் செய்து ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினர். அரசாங்கங்களுக்கும் கடற்படைகளுக்கும் இது இடைஞ்சலாகத் தோன்றியது. 1912 இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டம், 200 மீற்றரும் அதற்குக் குறைவானதுமான அலைநீளங்களுக்குள் அவர்களை ஒதுக்கியது. அந்தச் சிற்றலைகள் எதற்கும் உதவாதவை என்பதே அன்றைய நிபுணர்களின் கருத்து. ஆனால் 1923 நவம்பரில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து லியோன் டெலோய் என்ற பொழுதுபோக்காளர், சுமார் 110 மீற்றர் அலையில் அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல்லுடன் அத்திலாந்திக்கைத் தாண்டி நேரடியாக உரையாடினார். உதவாதென்று வீசப்பட்ட சிற்றலைதான் உலகைச் சுற்றும் அலை என்பது அப்போது தெரியவந்தது. 1925 இல் பாரிசில் அவர்களுடைய சர்வதேச ஒன்றியம் பிறந்தது.

நமது பிராந்தியமும் பின்தங்கவில்லை. கொழும்பில் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பர், 1923 இல் பரீட்சார்த்த ஒலிபரப்பை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களே அதற்குப் பயன்பட்டன என்பது இலங்கை ஒலிபரப்பு வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி. 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. கடலுக்கு அப்பால், 1924 இல் சி.வி. கிருஷ்ணசாமிச் செட்டியாரும் நண்பர்களும் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை ஆரம்பித்து அதே ஆண்டில் ஒலிபரப்பினார்கள். பணமின்றி 1927 இல் கழகம் நின்றது. அதன் ஒலிபரப்பி சென்னை மாநகராட்சியிடம் போய், 1930 இல் மீண்டும் பேசியது. ஆக, தமிழ்நாட்டில் ஒலிபரப்புக்கு வித்திட்டது அரசாங்கம் அல்ல, ஆர்வலர்களின் கழகம்.

இந்தப் பொழுதுபோக்கின் விதிகளை அறிந்தால் நீங்கள் வியப்பீர்கள். பரீட்சை எழுதி உரிமம் பெறவேண்டும். ஒவ்வொருவருக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. இலங்கையருடையது இன்று 4எஸ் என்றும், இந்தியருடையது வியு என்றும் தொடங்கும். வியாபாரம் பேசக்கூடாது. பொருளை மறைக்கும் இரகசியக் குறியீடு பயன்படுத்தக்கூடாது. யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கலாம் என்ற உடன்பாட்டோடுதான் ஒவ்வொருவரும் வாயைத் திறக்கிறார்கள். இதைவிட ஒளிவுமறைவில்லாத பேச்சு உலகில் வேறில்லை எனலாம்.

இருந்தும் போர் வந்தால் முதலில் வாய் மூடவேண்டியவர்கள் இவர்களே. 1917 இலும் 1941 இலும் அமெரிக்கா தன் அமெச்சூர்களின் ஒலிபரப்பை நிறுத்தியது. 1939 இல் பிரித்தானிய ஆட்சி இந்தியாவில் உரிமங்களை இரத்துச் செய்தது. போர் முடிந்த பின்னர் அவை மீண்டும் கொடுக்கப்பட்டன.

எங்கள் போர் சில ஆண்டுகளில் முடியவில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. எரிபொருள், சீமெந்து, சவர்க்காரம், மெழுகுதிரி, பற்றரி எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. அந்த நாட்களில் பி.பி.சி. தமிழோசையைக் கேட்க நாங்கள் என்ன செய்தோம் என்பது இன்றைய பிள்ளைகளுக்குக் கட்டுக்கதையாகத் தோன்றும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வயரெடுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும். "கெதியாச் சுத்து" என்று அயலவர்கள் சத்தமிடுவார்கள். எனக்குக் கிடைத்த முதல் பத்திரிகைப் பயிற்சி அதுதான்: இருட்டில் கேட்டதை மறந்துபோகுமுன் எழுதுவது.

கேட்பதற்கே இந்தப் பாடு. பேசும் கருவியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? எங்கள் ஊரில் 'வோக்கி ரோக்கி' என்ற சொல்லே ஆயுதத்தோடு சேர்ந்துதான் வழங்கியது. அதை வைத்திருந்தவர் ஆயுதம் தரித்தவராகவே இருப்பார். ஒரு குடிமகன் சும்மா பேசிப் பார்ப்பதற்காக ஒலிபரப்பியை வைத்திருக்கலாம் என்ற எண்ணமே ஒரு தலைமுறையின் மனதில் முளைக்கவில்லை.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் பெயர்ந்து தென்மராட்சிக்கு வந்தது. சாவகச்சேரியின் பாடசாலைகளும் கோயில் மண்டபங்களும் மரநிழல்களும் நிரம்பின. தாய் நுணாவிலில், மகன் கொடிகாமத்தில், ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. கொழும்பிலும் கனடாவிலும் இருந்த உறவினருக்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சிறு கடிதத் தாள்களே போயின. அவை போய்ச் சேரக் காலம் பிடித்தது. அன்றைக்கு அங்கே உரிமம் பெற்ற பத்து அமெச்சூர்கள் இருந்து, பேச அனுமதியும் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு இன்றும் உண்டு.

அது வெறும் ஆசைக் கற்பனையல்ல. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது தெற்கில் நடந்ததைப் பாருங்கள். இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்ரர் குணதிலகவும் தோழர்களும், தொலைபேசிகள் செத்துக் கிடந்த அம்பாந்தோட்டைக்குச் சிற்றலைக் கருவியையும் கார் பற்றரியையும் கொண்டுபோய், கொழும்பிலிருந்த அரசாங்க நிவாரண நிலையத்தோடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அந்தமானில் பாரதி பிரசாத் என்ற பெண்மணி இன்னும் பெரிய சான்று. பாதுகாப்புக் காரணங்களால் 1987 இற்குப் பின்னர் அமெச்சூர் வானொலிக்கு மூடிக்கிடந்த தீவுகளுக்கு, நெடுநாள் போராடி அனுமதி பெற்று, அந்த டிசம்பர் மாதத் தொடக்கத்தில்தான் அவர் தன் குழுவுடன் போய்ச் சேர்ந்திருந்தார். மூன்று வாரங்களில் கடல் பொங்கியது. உலகெங்கும் நண்பர்களோடு உரையாடக் கொண்டுபோன கருவி, தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உயிர்ச்செய்தி சுமந்தது. அதே அலைதான் வடமராட்சி கிழக்கையும் முல்லைத்தீவையும் அடித்தது.

இளைஞர்களுக்கு நான் வைத்திருந்த பதில் இதுதான். கைத்தொலைபேசி பேசுவதற்குக் கோபுரமும் மின்சாரமும் கம்பனியும் வேண்டும். சிற்றலைக்கு இடையில் யாருமே வேண்டாம். தரையிலிருந்து 250, 300 கிலோமீற்றர் உயரத்தில் வளிமண்டலம் ஏந்தி நிற்கும் மின்னேற்றப் படையில் அது பட்டுத் திரும்புகிறது. அந்தக் கூரையை எவராலும் கழற்ற முடியாது. கடினமெனப்பட்ட மோர்ஸ் குறியீடும் 2003 இன் சர்வதேச முடிவுக்குப் பின்னர் கட்டாயமில்லை. எங்கள் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞான ஆசிரியரும் பத்து மாணவரும் இருந்தால் ஒரு கழகம் தொடங்கலாம்.

இனி அந்த ஆசிரியரிடம் வருகிறேன். "இல்லை ஐயா, உரிமம் எடுத்தால் ஒருவரும் பிடிக்கமாட்டார்கள்" என்றேன். அவர் நம்பவில்லை. நண்பர் உரிமத்தை எடுத்துக் காட்டினார். கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார். பிறகுதான் கதை வந்தது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய பெட்டிகளின் பாகங்களைப் பொறுக்கித் தானே ஒரு சிற்றலை வாங்கியைச் செய்திருந்தாராம். கேட்க மட்டுமே முடியும், பேச முடியாது. 1996 இல் இராணுவம் தென்மராட்சிக்குள் வந்தபோது, "சோதிக்க வாறவைக்கு இது வேற அது வேற எண்டு ஆர் விளங்கப்படுத்திறது?" என்று மனைவி அழ, இரவோடிரவாக அதைக் கிணற்றுக்குள் போட்டுவிட்டார். 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரியே இடிந்தபோது வீடும் போயிற்று. கிணறு மட்டும் இருக்கிறது.

மறுநாள் காலை அவர் மீண்டும் வந்தார். ஏழு மெகாஹேர்ட்ஸ் அலையில் நண்பர் அழைத்துக்கொண்டிருந்தார். உரிமமுள்ளவர் மட்டுமே பேசலாம் என்பதால் நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் தமிழில் எழுந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர். "சாவகச்சேரியா? அங்கே இருந்து நான் கேட்கிற முதல் குரல் நீங்கதான் சார்" என்றார். இருநூறு கிலோமீற்றர் தூரம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டு ஆசிரியர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உரையாடல் முடிந்ததும் அவர் கேட்ட கேள்வி முதல் நாள் கேள்வியல்ல.

"இந்தக் கம்பி எத்தனை அடி?"

"அறுபத்தாறு அடி, ஐயா."

சற்று யோசித்தார். "வளவுக்குள்ள ஷெல்லுக்குத் தப்பின பனை ரெண்டு நிக்குது. இடையிலை அவ்வளவு வரும்" என்றார். பிறகு விண்ணப்பப் படிவங்கள் இரண்டு கேட்டு வாங்கினார். ஒன்று தனக்கு, மற்றது பேத்திக்கு.