வாசித்தது யார்?

மேலைச் செவ்வியல் இசைத்தட்டுகளை விமர்சிப்பதற்கென்றே நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கன்சி 1923-இல் லண்டனில் 'கிராமபோன்' பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் இசைத்தட்டு விலை அதிகம். ஒரே படைப்புக்கு நாலைந்து பதிவுகள் வந்தால் எல்லாவற்றையும் வாங்கிக் கேட்டுப் பார்க்க முடியாது. விமர்சகர் சொல்லை நம்பித்தான் பணத்தை எடுக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்கு 2007-இல் ஒரு பெரிய சோதனை வந்தது.

ஜாய்ஸ் ஹாட்டோ 1928-இல் பிறந்த ஆங்கிலேய பியானோ கலைஞர். மேடைகளில் வாசித்தவர்தான், முதல் வரிசையில் பேசப்பட்டவர் அல்லர். 1970-களில் மேடையை விட்டு விலகினார். பிறகு, முதுமையில், அவர் பெயரில் குறுந்தட்டுகள் வரிசையாக வெளிவந்தன. பீத்தோவன், ஷோபேன், லிஸ்ட், ராக்மனினாவ் என்று நூற்றுக்கும் மேல். வெளியிட்டவர் கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப். புற்றுநோயோடு போராடிக்கொண்டே ஒரு பெண்மணி இப்படி வாசிக்கிறாரா என்று விமர்சகர்கள் உருகிப் போனார்கள். 2006-இல் அவர் காலமானபோது புகழ் உச்சியில் இருந்தது.

மறு ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்க ரசிகர் ஒருவர் ஹாட்டோவின் லிஸ்ட் தட்டைக் கணினியில் போட்டார். திரையில் வந்த பெயர் லாஸ்லோ சைமன்! சுவீடனின் பிஸ் நிறுவனத்துக்காக வாசித்த ஹங்கேரியக் கலைஞர் அவர். ரசிகர் ஒரு விமர்சகருக்குத் தகவல் சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டபோது, பன்னிரண்டு உருப்படிகளில் பத்து ஒன்றுபோல இருந்தன. ஒலியலைகளை வரைபடமாக்கிப் பார்த்த பொறியாளரும் அதையே உறுதிசெய்தார். அதன்பின் மற்றத் தட்டுகளும் ஒவ்வொன்றாக அம்பலமாயின. சிலவற்றில் வேகத்தைக்கூட மாற்றி ஒளித்திருந்தார்கள். கன்செர்ட்டோக்களை நடத்தியதாகச் சொல்லப்பட்ட ரெனே கோலர் என்ற இசை நடத்துநர் உலகத்திலேயே இல்லாதவர்.

நான் குமாஸ்தாவாக இருந்தவன். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் கணினிக்கு இசை தெரியாது. தட்டில் எத்தனை உருப்படி, ஒவ்வொன்றும் எத்தனை நேரம் என்ற கணக்கை ஒரு பட்டியலோடு ஒத்துப் பார்த்தது, அவ்வளவுதான். தேர்ந்த காதுகள் கோட்டை விட்டதைக் கூட்டல் கழித்தல் பிடித்துவிட்டது.

கணவர் பின்னர் பிஸ் நிறுவனத் தலைவருக்குக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். வலியில் மனைவி முனகும் ஒலி பதிவாகிவிட்ட இடங்களை மறைக்கத்தான் முதலில் பிறர் வாசிப்பை ஒட்டினேன் என்றார். அதைக் கேட்டு இரக்கப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் சிறிது இரக்கம் வந்தது. ஆனால் சைமனை நினைத்துப் பாருங்கள். யெஃபிம் பிரான்ஃப்மன் வாசித்த ராக்மனினாவ் மூன்றாம் கன்செர்ட்டோ அவர் பெயரில் வந்தபோது 'கிராமபோன்' அதைச் சுமாராகத்தான் எடைபோட்டது. அதே வாசிப்பு ஹாட்டோ பெயரில் வந்தபோது வானளாவப் புகழ்ந்தது. திருடு போனது ஒலி மட்டுமல்ல, அந்தக் கலைஞர்களுக்குச் சேர வேண்டிய பாராட்டும்தான்.

விமர்சகர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். காதில் விழுவதற்கு முன்பே கதை மனத்தில் விழுந்துவிட்டது. பிரெஞ்சு வானொலியில் 1946-இல் அர்மான் பனிஜெல் தொடங்கிய இசைத்தட்டு விமர்சகர் மன்றம் என்ற நிகழ்ச்சி இன்றும் நடக்கிறது. அதில் இப்போது ஒரே படைப்பின் பல பதிவுகளைப் பெயர் சொல்லாமல் ஒலிக்கவிட்டு விவாதிக்கிறார்கள். பிரெஞ்சில் இதை 'அ லவேகுள்' என்பார்கள். கண் தெரியாதவரைப் போல என்று பொருள். பெரிய பெயர்கள் முதல் சுற்றிலேயே விழுவதும் உண்டு.

நீங்களும் செய்து பாருங்கள். பேரனைக் கூப்பிட்டு, ஒரே உருப்படியின் இரண்டு பதிவுகளைப் பெயர் சொல்லாமல் போடச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம் வாசித்தவர் யார் என்று கேளுங்கள்.