இரவுப் படமும் சித்திரபுரத்து நீரும்

தமிழகத்துக்கு வெளியே குடியிருக்கும் நம்மவர் இல்லங்களில் ஒருவகைப் படத்தை அடிக்கடி காண்கிறோம். தில்லியில் இருப்போரிடம், ஜனவரி 29-ஆம் நாள் மாலையில் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சி முடிந்தவுடன் குடியரசுத் தலைவர் மாளிகை விளக்குகளால் ஒளிரும் காட்சி இருக்கும். மைசூரில் இருப்போரிடம் தசராக் கால அரண்மனை. மும்பையில் இருப்போரிடம் கடற்கரை வளைவின் விளக்கு வரிசை. முன்பு இப்படங்கள் கடித உறைக்குள் ஊர் போய்ச் சேர்ந்தன. இன்று கைப்பேசியில் நொடிப்பொழுதில் சேர்கின்றன. 'நாங்கள் இருக்கும் ஊர் இது' என்று பெற்றோருக்கும் உற்றாருக்கும் காட்டுவதற்குப் பகற்காட்சியைவிட இரவுக்காட்சியே ஏற்றது என்பது எல்லோரும் சொல்லாமல் ஒப்புக்கொண்ட ஒன்று போலும்.

ஆனால் அவ்வொளி எங்கே பிறந்தது, யாரால் அங்கு வந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. அதை அறிய விரும்பினால், மூணாற்றுக்கு அருகே மலைச்சரிவில் அமைந்த சித்திரபுரம் என்னும் சிற்றூர் வரையில் நாம் போதல் வேண்டும். போகும் வழியில், இருளைப் படம்பிடிக்க மனிதன் எவ்வாறு கற்றான் என்பதையும் சிறிது பார்த்துக்கொள்வோம்.

புகைப்படம் பிறந்த காலத்தில் அது முற்றிலும் பகலின் கலையாகவே இருந்தது. 1838-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் தாகேர் பாரிஸ் நகரின் அகன்ற வீதி ஒன்றைத் தம் சாளரத்திலிருந்து படமெடுத்தார். நல்ல வெளிச்சத்திலேயே தகட்டைப் பல நிமிடம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. வண்டியும் குதிரையும் மக்களும் நிறைந்த அவ்வீதி படத்தில் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஓடியவை எவையும் பதியவில்லை. காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள ஒரே இடத்தில் நின்ற ஒருவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறார். நிற்பது பதியும், நடப்பது மறையும் என்ற இவ்விதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம். இரவுப் படத்தில் இது இன்னும் கடுமையாகச் செயற்படுகிறது.

தெருவிளக்கின் ஒளியை மட்டும் நம்பி நகரைப் படமெடுக்கத் துணிந்தவர்களுள் முன்னோடி, இலண்டனில் மரச்செதுக்குப் படத்தொழில் செய்துவந்த பால் மார்ட்டின். 1895, 1896-ஆம் ஆண்டுகளில் அவர் எடுத்த எரிவாயு விளக்குக் காட்சிகள் அங்கிருந்த கலைச் சங்கத்தாரை வியக்க வைத்தன. அவற்றைப் பின்பற்றி நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் மழையிலும் பனியிலும் காமிராவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். ஈரத் தரை விளக்கொளியைத் திருப்பித் தருவதால் மழை பெய்து ஓய்ந்த இரவே இத்தொழிலுக்கு உகந்தது என்பதை இவர்கள் விரைவில் கண்டுகொண்டனர்.

இடையூறுகள் பல. விளக்கின் கூரிய ஒளி மருந்துப் பூச்சைக் கடந்து கண்ணாடித் தகட்டின் பின்புறம் வரை சென்று, அங்கிருந்து திரும்பி வந்து விளக்கைச் சுற்றி ஒரு வளையத்தை உண்டாக்கிவிடும். ஆங்கிலத்தில் இதனை 'ஹாலேஷன்' என்பர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இதற்கு இசைந்த தமிழ்ச்சொல் எந்த அகராதியிலும் அகப்படவில்லை. 'ஒளிக்கசிவு' என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். தகட்டின் பின்புறம் கருநிறச் சாயம் பூசி இதனைத் தணித்தார்கள். மற்றோர் இடையூறு, ஒளி மிகக் குறைந்த இடத்தில் நேரத்தை இருமடங்காக்கினாலும் படம் இருமடங்கு தெளிவாவதில்லை என்பது. விண்மீன்களைப் படமெடுத்த ஜெர்மானிய வானியலறிஞர் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் இந்த முரணை ஆராய்ந்து, அதற்கொரு கணக்கும் வகுத்தார்.

நேரத்தை அளப்பதும் எளிதன்று. 1930-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பாரிஸ் நகரின் இரவுப் படங்களைத் தொகுத்துப் புகழ்பெற்ற ஹங்கேரி நாட்டவர் பிராசாய், சிகரெட் எரியும் நேரத்தைக் கொண்டே தம் படங்களின் நேரத்தைக் கணக்கிட்டதாகக் கூறுவதுண்டு. இருள் மிகுந்த இடமாயின் பருமனான சிகரெட்டாம்!

இத்தொழிலில் தேர்ந்தோர் கையாண்ட ஓர் உபாயம் இங்கே குறிப்பிடத்தக்கது. அந்திக் கருக்கலில், வானம் முற்றும் இருளுமுன், கட்டடத்தின் வடிவம் பதியும் அளவுக்குச் சிறிது நேரம் தகட்டைத் திறப்பார்கள். பிறகு வில்லையை மூடியால் மூடி, காமிராவை அசைக்காமல் காத்திருப்பார்கள். விளக்குகள் ஏற்றப்பட்டதும் அதே தகட்டை மீண்டும் திறப்பார்கள். நாம் ஓர் இரவு என்று எண்ணிப் பார்க்கும் படம் உண்மையில் இரண்டு வேளைகளின் சேர்க்கை.

எண்ணெய் விளக்கைப் படமெடுப்பதற்கும் மின்விளக்கைப் படமெடுப்பதற்கும் வேற்றுமை உண்டு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் ஆறாண்டுகளுக்கு ஒருமுறை முறைஜபம் நிறைவுறும் நாளில் இலட்சதீபம் ஏற்றுவது வழக்கம். நம் ஊர்களின் கார்த்திகை விளக்கு வரிசையும் அத்தகையதே. அகற்சுடர் காற்றில் அசைவதால் நெடுநேரப் படத்தில் அது மெல்லிய இதழ்போல் விரிந்து பதிகிறது. அதன் ஒளியில் சுவரும் தூணும் சிறிது தெரிகின்றன. மின்விளக்கோ அசைவற்ற புள்ளி. மைசூர் அரண்மனையை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் கோபுரத்தின் விளிம்பிலும் வளைவிலும் பதிக்கப்பெற்றுள்ளன. விளக்கு எரிந்தவுடன் கல்லும் சுதையும் மறைந்துபோய்க் கட்டடத்தின் கோட்டுருவம் மட்டுமே இருளில் நிற்கிறது. புள்ளிக்கோலம் போட்டதுபோன்ற அக்காட்சி காமிராவுக்கென்றே செய்ததோ என்று தோன்றும்.

அந்த மைசூரின் ஒளிக்கு ஊற்று காவிரியின் சிவசமுத்திரம். பாலக்காட்டில் பிறந்து மைசூரின் திவானாக 1883 முதல் 1901 வரை விளங்கிய சர் கே. சேஷாத்திரி ஐயர் அத்திட்டத்தை முனைந்து நடத்தினார். அது நிறைவேறுவதைக் காணாமலே மறைந்தார். 1902-ஆம் ஆண்டில் அங்கிருந்து புறப்பட்ட மின்சாரம் முதலில் எந்த நகருக்கும் செல்லவில்லை. 92 மைல் கடந்து கோலார் தங்கவயலுக்குச் சென்றது. பெங்களூரின் தெருக்கள் 1905-இலும், மைசூர் நகரம் 1908-இலுமே ஒளி பெற்றன. கோலாரின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தோர் பெரும்பாலும் தமிழர் என்பதை இவ்வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை; உங்களுள் சிலருக்கு அது பாட்டனார் கதை.

இப்பொழுது சித்திரபுரத்துக்கு வருவோம். மூணாற்றுப் பகுதியில் தேயிலைக் கம்பெனியார் தங்கள் தொழிற்சாலைகளுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பள்ளிவாசலில் ஒரு சிறு நீர்மின் நிலையம் வைத்திருந்தனர். முதிரப்புழையாறு அங்கே செங்குத்தாய் இறங்குவதைக் கண்ட திருவிதாங்கூர் அரசினர், அதே இடத்தில் நாட்டுக்கே மின்சாரம் தரும் பெருநிலையம் அமைக்க முடிவு செய்தார்கள். 1930-ஆம் ஆண்டுகளின் நடுவில் வேலை தொடங்கியது. அதன் பொருட்டு மலைமேல் எழுந்த குடியிருப்புக்கு அந்நாளைய அரசர் சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் பெயரால் சித்திரபுரம் என்று பெயர் வழங்கலாயிற்று. பின்னர் 1946-இல் குண்டளையில் எழுந்த அணை, அரசரின் அன்னை சேது பார்வதி பாயின் பெயரைத் தாங்கிற்று. தாயின் பெயரால் நீர் தேங்குகிறது. மகன் பெயரால் அது இறங்குகிறது.

1936 முதல் 1947 வரை திருவிதாங்கூரின் திவானாக இருந்தவர் சர் சி. பி. ராமசாமி ஐயர். முன்னர்ச் சென்னை அரசாங்கத்தில் இருந்தபொழுது நீலகிரியின் பைக்காராத் திட்டத்துக்கு வழிகோலியவர் அவர். அத்திட்டம் 1932-இல் மின்சாரம் தந்தது. பள்ளிவாசல் நிலையம் 1940-இல் இயங்கத் தொடங்கியது. முதலில் 5 மெகாவாட் திறனுடைய பொறிகள் மூன்றும், பின்னர் 7.5 மெகாவாட் பொறிகள் மூன்றும் அமைந்து, மொத்தத் திறன் 37.5 மெகாவாட் ஆயிற்று. இன்றைய கணக்கில் இது சிறிது. ஆயினும் இன்றைய கேரள நிலப்பரப்பில் எழுந்த முதற் பெரிய நீர்மின் நிலையம் இதுவே. மலையைக் குடைந்து வரும் நீர், இரும்புக் குழாய்களில் ஆயிரம் அடிக்கும் மேலாகச் சரிந்து இறங்கிச் சக்கரங்களைச் சுழற்றுகிறது. பகலில் அக்குழாய்கள் பச்சை மலையின்மேல் நேர்கோடுகளாகத் தெரியும். இரவில் அவை இருளோடு இருளாகிவிடும்.

இங்கும் மின்சாரத்தை எதிர்நோக்கி நின்றவை பெருந்தொழில்கள். ஆலுவாய்க்கு அருகே அலுமினியத் தொழிற்சாலை 1943-இல் உற்பத்தியைத் தொடங்கியது; அதனையடுத்து உரத் தொழிற்சாலை வந்தது. அலுமினியத்தைக் கனிமத்திலிருந்து பிரிப்பதற்கு மிகுதியான மின்சாரம் வேண்டும். அதனாலேயே அத்தொழில் மலையருவியைத் தேடி வந்தது. பின்னாளில் கொச்சித் துறைமுகத்தின் விளக்குகள் உப்பங்கழியில் விழுந்து மின்னும் படங்களை எத்தனையோ பேர் எடுத்தனர். அந்நீரில் நெளியும் பொற்கோடுகளின் மறுமுனை பள்ளிவாசலின் குழாயில் இருந்தது என்பது எத்தனை பேர் நினைவில் இருந்ததோ!

மலைமேல் இருந்தவர்களின் இரவு வேறு. மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து கிள்ளியோர் பெரும்பாலும் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து போடிநாயக்கனூர் வழியே மலையேறி வந்த தமிழர். அவர்கள் வாழ்ந்தவை 'லயம்' எனப்படும் வரிசை வீடுகள். தொழிற்சாலையில் இயந்திரம் மின்சாரத்தில் ஓடிய காலத்திலும் லயங்களில் சிம்னி விளக்கே நெடுநாள் எரிந்தது. அத்தகைய வரிசையொன்றை இரவில் படமெடுக்க முயன்றவர் அந்நாளில் இருந்திருந்தாலும் தகட்டில் என்ன பதிந்திருக்கும்? தாகேரின் வீதியில் நடமாடியோர் மறைந்தது போலவே, இருட்டோடு எழுந்து பிரட்டுக்களத்துக்கு நடந்த பெண்களும் மறைந்திருப்பார்கள். எரியும் திரிகளில் இரண்டொன்று வேண்டுமானால் எஞ்சியிருக்கும்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, தெற்கே கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டைப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நிலைத்தன. சேரும் என்று எதிர்பார்த்திருந்த பலருக்கு அது ஆறாத மனக்குறை. இவ்விரு பகுதிகளின் ஆறுகளில் இருந்த நீர்வளமும் மின்வளமும் அந்நாளைய வாதங்களில் இடம்பெற்றன என்பதை மட்டும் இங்கே குறிப்பிட்டு நிறுத்துகிறோம். எவர் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. தோட்டத் தமிழர் அங்கேயே இருந்தார்கள். பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளிகளில் படித்தார்கள். லயங்களுக்கும் காலம் தாழ்த்தி மின்சாரம் வந்தது.

வந்த பின்னும் அது எவ்வளவு மெலிந்த இழை என்பது 2020-ஆம் ஆண்டில் தெரிந்தது. ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கடுமழையில், மூணாற்றுக்கு அப்பால் இராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. 70 உயிர்கள் போயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குழந்தைகளும். மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்தமையால், மறுநாட் காலை வரையில் வெளியுலகம் அதனை அறியவில்லை. நாடு முழுதும் கண்ட படங்கள் யாவும் பகலில் எடுத்தவை.

இன்று இரவைப் படமெடுக்கத் தெருவில் இறங்கவும் வேண்டுவதில்லை. செயற்கைக்கோள்கள் உலகத்தின் இரவையே ஒரு தாளில் தந்துவிடுகின்றன. ஆண்டுதோறும் தீபாவளி நாளில் நம்மவர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ஒரு படம் உண்டு. இந்தியா முழுதும் பலநிற விளக்குகளால் மின்னும். 'தீபாவளி இரவில் விண்ணிலிருந்து எடுத்தது' என்று அதன்கீழ் எழுதியிருக்கும். அது தீபாவளி இரவும் அன்று, ஓர் இரவும் அன்று. அமெரிக்க அறிவியலறிஞர் கிறிஸ் எல்விட்ஜ், வானிலைச் செயற்கைக்கோள்கள் பல ஆண்டுகளில் பதிந்த ஒளிகளை 2003-இல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அமைத்தது அது. 1992-க்கு முன்பே ஒளிபெற்ற இடங்கள் வெண்மை. 1992-இல் தெரிந்தவை நீலம். 1998-இல் தெரிந்தவை பச்சை. 2003-இல்தான் முதன்முதலாகத் தெரிந்தவை சிவப்பு. கருக்கலில் ஒருமுறையும் இருளில் ஒருமுறையும் தகட்டைத் திறந்த பழைய உபாயமே இங்கே ஆண்டுக்கணக்கில் விரிந்திருக்கிறது. உண்மையான தீபாவளிக் காலப் படத்தை அமெரிக்க விண்வெளித் துறையினர் 2012-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியிட்டனர். நாம் ஏற்றும் விளக்குகளின் மிகைஒளி விண்ணிலிருந்து பிரித்தறிய முடியாத அளவுக்கு மெல்லியது என்று அதனுடன் தெரிவித்தார்கள்.

இருந்தாலும் அந்தப் பலநிறப் படத்தைப் பொய்யென்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. அடுத்த தீபாவளிக்கு அது மீண்டும் உங்கள் கைக்கு வரும். வரும்பொழுது, சற்றே பெரிதாக்கிப் பாருங்கள். தில்லி, மும்பை, பெங்களூர் ஆகிய நகரங்களின் நடுவே வெண்மை இருக்கும், அதை விட்டுவிடலாம். நீலத்தையும் பச்சையையும் கடந்து, ஓரங்களில் சிதறிக் கிடக்கும் சிவப்புப் புள்ளிகளுக்குச் செல்லுங்கள். பிறகு தெற்கே இறங்கி, மேற்குத் தொடர்ச்சி மலையின் கரிய பட்டையில், மதுரைக்கு மேற்கும் கொச்சிக்குக் கிழக்குமான இடத்தில், சித்திரபுரம் இருக்க வேண்டிய புள்ளியைத் தேடிப் பாருங்கள்.