நிலத்தடி ஏரியும் அதன் காவலரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கி வருபவர் உரும்பிராயில் செம்மண் தோட்டங்களைக் காண்பார். வாழைகளையும் வெங்காயப் பாத்திகளையும் எண்ணற்ற கிணறுகளையும் காண்பார். ஓடும் ஆற்றையோ ஆண்டு முழுவதும் நிறைந்து கிடக்கும் ஏரியையோ அவர் காணமாட்டார். எனினும் இவ்வூர் ஓர் ஏரியின் மீதே அமர்ந்திருக்கிறது. அந்த ஏரி மண்ணுக்குக் கீழே, சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கி நிற்கிறது. அதற்குக் கரை உண்டா? உண்டெனில் அக்கரையைக் காப்பவர் யார்? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

முதலில் இந்த ஏரியின் இயல்பை அறிந்துகொள்வோம். குடாநாட்டில் பெய்யும் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீர் குளங்களில் தேங்கி, மண்ணுள் இறங்கி, பாறையினுள் புகுந்திருக்கும் கடல்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரை விட இலேசானது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. இதன் மறுபக்கமே நமக்கு முக்கியமானது. அளவுக்கு மீறி இறைத்து மேல் மட்டத்தை ஓர் அடி தாழ்த்தினால், அடியிலிருந்து உவர்நீர் 40 அடி மேலேறிவிடும். நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு இதற்கு நல்ல சான்று; அதன் மேற்பகுதியில் நன்னீர், ஆழத்தில் உவர்நீர். இராமர் அம்பு எய்து உண்டாக்கிய ஊற்று என்று மக்கள் அதைப் பற்றிக் கதை சொல்வர். கதை எதுவாயினும், ஒருவன் தன் வேலிக்குள் இறைக்கும் நீர் அவனுடைய வேலிக்குள் மட்டும் இருந்ததன்று என்ற உண்மை மாறாது.

பொதுவான நீரைப் பொதுவான சபை காக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919ஆம், 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலை முறையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைப் பற்றி அவை பேசுகின்றன. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் தேர்வாக முடியாது என்ற விதி அங்கே இருந்தது. இதை எண்ணி நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் சரித்திரத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். குடத்தில் ஓலை இடப்படுவதற்குச் சொந்த நிலமும், சொந்த மனையும், வேதக் கல்வியும் வேண்டியிருந்தன. ஏரியை வெட்டியவனும் கரைக்கு மண் சுமந்தவளும் அந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள். ஊர் என்று சொல்லும்போது அதில் யார் யார் அடங்குவர் என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

அக்கேள்வி யாழ்ப்பாணத்தில் இன்னும் கொடிய வடிவம் எடுத்தது. குடாநாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குளங்கள் உண்டு. கோடையில் அவற்றைத் தூர் வாரி, வண்டலைத் தோட்டத்துக்கு எருவாக இட்டுவந்தது இம்மண்ணின் பழைய வழக்கம். குளத்தருகே மாடு உரசிக்கொள்ள ஆவுரஞ்சிக்கல் நாட்டினார்கள். வழிப்போக்கன் பாரம் இறக்கச் சுமைதாங்கி கட்டினார்கள். மாட்டுக்கும் வழிப்போக்கனுக்கும் இரங்கிய அதே சமுதாயம், கிணறு வெட்டிய மனிதனை அக்கிணற்றில் அள்ள விடவில்லை. கிணற்றுக் கட்டில் கால் வைக்க அனுமதியில்லாத பெண்கள் குடத்தோடு காத்து நின்றார்கள். யாரேனும் மனமிரங்கி வார்த்தால்தான் அவர்கள் வீட்டில் உலை கொதிக்கும். பாறைக்குள் சாதி பாராமல் ஓடிய நீர், மேலே வந்ததும் சாதிக்குள் அடைபட்டது. இக்கொடுமையை உள்ளிருந்து அறிந்த எழுத்தாளர் கே. டானியல், தம் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயரிட்டார்.

இந்த அடைப்பைச் சட்டம் மட்டும் உடைத்துவிடவில்லை. சாதியின் பெயரால் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டப் புத்தகத்தில் இருந்ததை வீதிக்குக் கொண்டுவர மக்கள் திரள வேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைத் தாண்டி யாழ்ப்பாண முற்றவெளியை அடைந்தது. தேநீர்க் கடைகளும் கோயில்களும் திறக்கப்பட வேண்டும் என்று தொடர்ந்து நடந்த போராட்டங்களின் வரலாற்றில், கிணறுகளுக்கும் ஓர் இடம் உண்டு.

இதே காலத்தில் அரசும் நீரைப் பற்றிச் சிந்தித்தது. கோப்பாயைத் தாண்டிக் கிழக்கே சென்றால் உப்பாற்றுக் கடனீரேரி வருகிறது. இத்தகைய உவர் ஏரிகளை நன்னீர் ஏரிகளாக்கினால் கிணறுகளும் இனிக்கும் என்பது பழைய கனவு. 1947இல் தொடங்கிய தொண்டைமானாற்று அணை வேலை 1953இல் முடிந்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற விரிந்த திட்டத்தை வகுத்தார். அத்திட்டம் முழுமை பெறவில்லை. அணையின் மரக்கதவுகள் காலப்போக்கில் பழுதுபட, உவர்நீர் மீண்டும் உட்புகுந்தது. கல்லும் மரமும் கொண்டு அணை கட்டலாம். அதை நாள்தோறும் கண்காணிக்கும் மக்கள் ஸ்தாபனம் இல்லையெனில் அணை நிலைக்காது. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், உழுபவர்களே தேர்ந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை உருவாக்கியபோது இந்த உண்மையைத் தொட்டது. ஆனால் அது நெல்வயலோடு நின்றது. தோட்டக் கிணற்றுக்கு அத்தகைய குழு ஒன்று வரவில்லை.

அந்த இல்லாமையின் விலையை நம் காலத்தில் சுன்னாகம் கொடுத்தது. மின் நிலையச் சூழலிலிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடந்த சோதனைகளில், பார்த்த கிணறுகளுள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் அளவு மீறியிருந்தது. அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. குடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தாய்மார் வாளியை வைத்துக்கொண்டு நின்றார்கள். மக்கள் வீதியில் இறங்கினர். சூழலியலாளர் ரவீந்திர காரியவசம் 2015இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார். 2019 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியின்படி, தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்துமாறு நீதிமன்றம் பணித்தது. தமிழ்க் கிராமத்தின் கிணற்றுக்காகத் தெற்கிலிருந்து எழுந்த இக்குரலை நாம் மறக்கலாகாது. 1966இல் ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகத்தில்தான் இது நிகழ்ந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். முன்னது நீரிலும் வீதியிலும் எல்லாருக்கும் உரிமை வேண்டும் என்றது. பின்னது அந்த நீர் உயிரோடிருக்க வேண்டும் என்றது. இரண்டும் ஒரே போராட்டத்தின் இரு கட்டங்களே.

ஆனால் குற்றவாளி எப்போதும் வெளியிலிருந்து வருவதில்லை. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே இறைப்புக்கு எல்லை வகுத்தது. 1950களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பில்லை. குழையும் சாணமும் இட்ட இடத்தில் இரசாயன உரம் வந்தது. செறிவாகப் பயிரிடும் செம்மண் பகுதிகளில், பயிர் உண்டது போக எஞ்சிய நைத்திரேற்று நீரோடு கீழே இறங்குகிறது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. குடாநாட்டின் பல கிணறுகள் அதைத் தாண்டிவிட்டன என்பதை 1980கள் முதல் ஆய்வாளர் எடுத்துக் காட்டி வந்துள்ளனர். கைக்குழந்தையின் இரத்தத்தையே அது நஞ்சாக்க வல்லது. இதற்காகச் சிறு கமக்காரரைக் கூண்டில் ஏற்றி நாம் தப்பிவிட முடியாது. விதைக்கும் உரத்துக்கும் கடன்பட்டு, வெங்காயத்தின் விலையை வியாபாரி தீர்மானிக்கும் சந்தையில் நிற்பவர், அடுத்த போகத்தை நினைப்பாரா, அடுத்த தலைமுறையை நினைப்பாரா? நியாயமான விலைக்காகக் குரல் கொடுக்காத நீர்க் காவல் பாதிக் காவலே.

ஆகவே நமக்குத் தேவை, கிணறு உள்ளவர்களின் சங்கமன்று. தண்ணீர் குடிப்பவர்கள் எல்லாரின் சங்கம். கமக்காரர் அமைப்புகள் இன்று சட்டப்படி உள்ளன. சனசமூக நிலையங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. பிரதேச சபை இருக்கிறது. காணியில்லாத கூலியாளும், குடத்தோடு காத்து நின்றவளின் பேத்தியும் அவற்றில் வாக்கோடு அமர வேண்டும். குளத்தை மண்ணிட்டு நிரப்பி மதில் எழுப்புவோரை அவ்வமைப்புகள் தடுக்க வேண்டும். நம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் தனிப் பொறுப்பு உண்டு. மாரிக்கு முன்னும் பின்னும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து, உவர்ப்பையும் நைத்திரேற்றையும் சோதித்து, கணக்கைப் பாடசாலைச் சுவரில் எல்லாரும் காண எழுதி வைப்பது பெரிய காரியமன்று. உத்தரமேரூரார் கேட்ட கணக்கு அதுதான்; இம்முறை அதைக் கேட்கும் உரிமை எல்லாருக்கும் இருக்கட்டும்.

இந்த நிலத்தடி ஏரிக்குக் கரை இல்லை என்று எண்ணியிருந்தோம். ஒவ்வொரு கிணற்றுக் கட்டும் அதன் கரைதான். அந்தக் கரையில் யாரையேனும் தள்ளி நிற்கச் சொல்லும் ஊர், தன் ஏரியை ஒருநாளும் காத்துக்கொள்ள மாட்டாது.