கருந்துளையும் கணக்கை நம்பிய இளைஞரும்



கிணற்றில் விழுந்த வாளியைக்கூட எடுத்துவிடலாம். ஆனால் உள்ளே போன வெளிச்சம்கூட வெளியே வர முடியாத இடங்கள் வானத்தில் உண்டு. அவைதாம் கருந்துளைகள். “அப்படின்னா வானத்தில ஓட்டையா சார்?” என்று என் வகுப்புப் பிள்ளைகள் கேட்டதுண்டு. ஓட்டை அன்று, அளவுக்கு மீறி அடர்ந்துபோன பொருள்.

ஒரு கல்லை மேலே எறியுங்கள், திரும்பி விழும். காற்றுத் தடை இல்லையென்றால், வினாடிக்கு 11 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் எறிந்த கல் பூமியை விட்டே போய்விடும். இந்தப் பூமி முழுவதையும் நசுக்கி ஒரு கோலிக்குண்டு அளவாக்கினால் என்ன ஆகும்? வினாடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியும் அதைவிட்டுத் தப்பாது!

1783ஆம் ஆண்டிலேயே ஜான் மிச்செல் என்ற ஆங்கிலப் பாதிரியார், ஒளியைத் தப்பவிடாத விண்மீன் இருக்கலாம் என்று எழுதினார். 1916இல் ஜெர்மானியரான ஷ்வார்ட்ஷில்டு, ஐன்ஸ்டீனின் புதிய கோட்பாட்டைக் கொண்டு இதற்கான கணிதத்தைத் தந்தார். ஆனால், உண்மையிலேயே ஒரு விண்மீன் அப்படிச் சுருங்குமா? இங்கேதான் நம் தமிழர் ஒருவர் வருகிறார்.

அடுப்பில் நெருப்பு இருக்கும்வரை உலை கொதிக்கும் அல்லவா? விண்மீனும் தன்னுள் எரியும் வெப்பத்தால்தான் தன் எடையையே தாங்கி நிற்கிறது. எரிபொருள் தீர்ந்தால் உள்நோக்கிச் சுருங்கும். எல்லா விண்மீன்களும் ஏறக்குறைய பூமியின் அளவுக்குச் சுருங்கி அடங்கிவிடும் என்றே அன்றைய அறிஞர்கள் நினைத்தார்கள்.

1930இல் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வயது 19. கப்பலிலேயே கணக்குப் போட்டார். அப்படி அடங்குவதற்கு ஓர் எல்லை உண்டு என்று விடை வந்தது. அந்த எல்லை சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. எஞ்சிய கரு அதைவிடக் கனமானால் சுருக்கம் அங்கே நிற்காது!

1935 ஜனவரி 11ஆம் நாள், இலண்டன் அறிஞர் சபையில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் அன்றைய பெரும் வானியலறிஞர் எடிங்டன். விண்மீன் அப்படி நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்கவேண்டும் என்று கூறிக் கேலி செய்தார். சபை சிரித்தது. 24 வயது இளைஞரின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆனால் கணக்கு பொய்க்கவில்லை. மிகக் கனமான விண்மீன் முற்றாக உள்நோக்கி விழும் என்று 1939இல் ஓப்பன்ஹைமரும் சினைடரும் காட்டினார்கள். 1964இல் ராக்கெட்டில் அனுப்பிய கருவி, அன்னப்பறவை விண்மீன் கூட்டத்திலிருந்து வரும் எக்ஸ் கதிரைக் கண்டது. அங்கே ஒரு நீல விண்மீன் கண்ணுக்குத் தெரியாத துணையைச் சுற்றுவதை 1971இல் அறிந்தார்கள். அந்தத் துணைதான் கருந்துளை. 2019 ஏப்ரல் 10ஆம் நாள், 650 கோடி சூரியன்களின் எடையுள்ள வேறொரு கருந்துளையின் நிழற்படமே வெளிவந்தது. நடுவே இருள், சுற்றிலும் ஒளி வளையம்.

சந்திரசேகர் கருந்துளையைக் கண்டுபிடித்தார் என்று சொல்வது மிகை. அங்கே போகும் வழியைத் திறந்துவிட்டார். சபையில் சிரித்தவர்களோடு சண்டைக்கு நிற்கவில்லை. வேறு ஆராய்ச்சிகளில் உழைத்தார். கருந்துளைக் கணிதத்துக்கும் திரும்பிவந்து பெருநூல் எழுதினார். 1983இல், 73ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார். சபை சிரித்து 48 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பிள்ளைகளே, சரியான விடையை எழுதிவிட்டு, பக்கத்திலிருப்பவன் சிரித்ததும் அவசர அவசரமாக அழிக்கிறீர்களே, அதைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். தவறென்று கண்டால் அழியுங்கள். சிரித்தார்கள் என்பதற்காக அழிக்காதீர்கள்!

இன்று மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். கீழே அமர்ந்து கைதட்டும் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். சில பரிசுகள் மெதுவாகத்தான் வந்து சேரும்.