இருக்கைப் பட்டை வந்த கதை



இன்று நாம் பேசப்போகும் பொருள் மூன்று விரல் அகலமுள்ள ஒரு நாடா. காரில் ஏறியதும் தோளிலிருந்து இடுப்புக்கு இழுத்து மாட்டுகிறோமே, அந்த இருக்கைப் பட்டை. மலாய் மொழியில் இதற்குத் 'தாலி பிங்காங் கெலெடார்' என்று பெயர். தாலி என்றால் மலாயில் கயிறு. பிங்காங் என்றால் இடுப்பு. சொல்லளவில் நம் தாலிக்கும் அந்தத் தாலிக்கும் உறவில்லை. ஆனால் கழுத்தில் இருக்கும் தாலி நிலைக்க இடுப்பில் இருக்கும் தாலியும் உதவுகிறது என்பதை இந்தப் பேச்சின் முடிவில் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

பட்டையைப் பற்றிப் பேசுமுன் நாம் பயணம் செய்து வந்த விதத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முதல் வாகனம் லாரிதான். விடியற்காலைப் பிரட்டு முடிந்ததும் தூரத்து நிரைக்கு லாரியிலோ, டிராக்டர் இழுக்கும் பெட்டியிலோ போனோம். தைப்பூசத்துக்கும் லாரி, கல்யாணத்துக்கும் லாரி, கால்பந்துப் போட்டிக்கும் லாரி. பெரியவர்கள் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிள்ளைகள் அவர்கள் கால்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். காற்று முகத்தில் அடிக்கும், பாட்டு நடக்கும். அப்படிப் போனவர்களுக்கு உட்கார ஒரு மெத்தை இருக்கை கிடைத்ததே பெரிய வசதி. மெத்தையில் உட்கார்ந்தவனுக்குக் கயிறு எதற்கு என்ற எண்ணம் நம் மனத்தில் ஊறிப்போனதில் வியப்பில்லை.

ஆனால் இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. கார் செய்த நாடுகளிலும் மக்கள் இப்படித்தான் நினைத்தார்கள்.

முதலில் பட்டை தேவைப்பட்டது விமானத்துக்கு. விமானம் புரண்டாலும் விமானி கீழே விழாமல் இருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்க விமானப் படையில் ஜான் பால் ஸ்டாப் என்று ஒரு மருத்துவர் இருந்தார். மனித உடம்பு எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று அறிய அவர் தம்மையே சோதனைக்கு ஒப்புக்கொடுத்தார். 1954 டிசம்பர் 10ஆம் நாள், தண்டவாளத்தில் ஓடும் ஒரு ராக்கெட் வண்டியில் உடம்பைப் பட்டைகளால் கட்டிக்கொண்டு, மணிக்கு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தார். ஒன்றரை வினாடிக்குள் வண்டி நின்றது. கண்களில் இரத்தம் கட்டியது. ஆனால் உயிர் பிழைத்தார், பார்வையும் திரும்பியது. அவரைக் காப்பாற்றியது உடம்பைக் கட்டியிருந்த பட்டைதான். அதே மருத்துவர் இன்னொன்றையும் கவனித்தார். விமானப் படை வீரர்கள் விமான விபத்தில் சாவதைவிடக் கார் விபத்தில்தான் அதிகமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து காருக்கும் பட்டை வேண்டும் என்று அவர் வாதாடினார்.

அந்தக் காலத்துக் கார்ப் பட்டை இடுப்பை மட்டும் சுற்றியது. மோதலில் அது வயிற்றை நசுக்கியது. தலையும் மார்பும் முன்னால் போய் இடித்தன. இந்தக் குறையைத் தீர்த்தவர் சுவீடன் நாட்டு நீல்ஸ் போலின். அவரும் முன்பு விமானி இருக்கைகளைச் செய்தவர்தான். 1958இல் வால்வோ கார் நிறுவனத்தில் சேர்ந்து, அடுத்த ஆண்டே, அதாவது 1959இல், தோளில் ஒன்று, இடுப்பின் இருபுறமும் இரண்டு என மூன்று இடங்களில் பிடிக்கும் பட்டையைக் கொண்டுவந்தார். ஒரே கையால் மாட்டலாம். இன்று உங்கள் வீட்டுக் காரில் இருப்பதும் அதன் வழி வந்ததே. அந்த நிறுவனம் இந்தக் கண்டுபிடிப்பைத் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை. பிற கார் நிறுவனங்களும் செய்துகொள்ள விட்டது.

1967இல் போலின் 28,000 விபத்துகளை ஆராய்ந்து முடிவை வெளியிட்டார். பட்டை மாட்டாதவர்கள் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில்கூட இறந்திருந்தார்கள். மாட்டியிருந்தவர்களில், மணிக்குச் சுமார் 95 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகத்தில் ஒருவரும் இறக்கவில்லை. இந்த 20 கிலோமீட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளை வேகமாக மிதித்தால் அந்த வேகம் வந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் மக்கள் மாட்டினார்களா? இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1969ஆம் ஆண்டு மட்டும் 1,034 பேர் சாலையில் மாண்டார்கள். மெல்பர்ன் பத்திரிகை ஒன்று இந்த எண்ணின் மேல் போர் தொடுப்போம் என்று எழுதத் தொடங்கியது. நசுங்கிய உடல்களை நாள்தோறும் அறுத்துத் தைத்த அறுவை மருத்துவர்களும் சேர்ந்து குரல் கொடுத்தார்கள். 1970 டிசம்பரில் அந்த மாநிலம் இருக்கைப் பட்டை மாட்டுவதைச் சட்டமாக்கியது. உலகுக்கு வழிகாட்டிய சட்டம் அது. மறு ஆண்டே மரணம் ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது.

அமெரிக்காவில் வேறு கதை நடந்தது. 1974ஆம் ஆண்டுக் கார்களில் ஒரு பொறியை வைத்தார்கள். பட்டை மாட்டாவிட்டால் கார் கிளம்பாது! மக்கள் கொதித்தார்கள். கடைச் சாமான் மூட்டையை இருக்கையில் வைத்தாலும் அதை ஆள் என்று எண்ணிக் கார் அடம்பிடித்ததாம். பலர் கம்பியை வெட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றமே அந்தப் பொறியைக் கைவிடச் செய்தது. பட்டை உயிர் காக்கும் என்று உலகுக்குக் காட்டிய நாட்டிலேயே இந்த நிலை. அங்கு முதன்முதலாக நியூயார்க் மாநிலம் 1984இல்தான் பட்டையைக் கட்டாயமாக்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலேசியாவில் முதலில் வந்தது மோட்டார் சைக்கிளுக்கான தலைக்கவசச் சட்டம், 1973இல். 'தலை வேர்க்கிறது, காது கேட்கவில்லை' என்று அன்று முணுமுணுத்தவர்கள் உண்டு. அதன் பிறகு, 1979 ஏப்ரல் முதல் நாளிலிருந்து, காரோட்டியும் அவர் பக்கத்தில் அமர்பவரும் இருக்கைப் பட்டை மாட்ட வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது.

நேயர்களே, இங்கேதான் நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1979இல் நம் லயங்களில் எத்தனை பேரிடம் கார் இருந்தது? துரைக்கு இருந்தது, பெரிய கிராணிக்கு இருந்தது. நமக்குச் சைக்கிள், கொஞ்சம் வசதி வந்தால் மோட்டார் சைக்கிள். சட்டம் வந்த பிறகே கார் நம்மிடம் வந்தது. 1985இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் குடும்பங்கள் பட்டணத்துக்கு நகர்ந்தபோது பழைய காராவது ஒன்று தேவைப்பட்டது. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டதும் வேகமும் கூடியது.

அப்படிக் கார் வாங்கிய நம் ஆள் பட்டையை யாரிடம் கற்றார்? போலீஸ்காரரிடம் கற்றார். 'முன்னால் போலீஸ் நிற்கிறது, பட்டையைப் போடு' என்பதுதான் நமக்குக் கிடைத்த பாடம். சம்மனுக்குப் பயந்து கற்றோம். சாவுக்குப் பயந்து கற்கவில்லை. நானும் இதற்கு விலக்கல்ல. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சாலை விதி கற்பித்துவிட்டு, வீடு திரும்பும்போது பட்டையைத் தோளில் சும்மா சாத்திக்கொண்டு, கொக்கியை மாட்டாமலேயே பல நாள் ஓட்டியிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு அது போதும். மோதலுக்கு அது போதாது.

2009 ஜனவரி முதல் நாளிலிருந்து பின்னிருக்கையில் இருப்பவர்களும் பட்டை மாட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. முதல் சில மாதம் எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் மாட்டினார்கள். மெத்தைக்கு அடியில் புதைந்து கிடந்த கொக்கியைத் தேடி எடுத்தோம். பிறகு சோதனை குறைந்தது. கொக்கி மீண்டும் மெத்தைக்குள் போய்விட்டது. பயத்தால் வந்த பழக்கம் பயம் போனதும் போய்விடுகிறது.

எனக்குப் பாடம் சொன்னது போலீஸ் இல்லை, ஒரு மாடு. சில ஆண்டுகளுக்கு முன், கோயில் திருவிழா முடிந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பின்னிருக்கையில் என் தாயார். அவர் மடியில் நான்கு வயதுப் பேரன். தோட்டத்துச் சாலை, வேகம் 40 கிலோமீட்டர்தான். செம்பனை நிரைக்குள்ளிருந்து மாடு ஒன்று குறுக்கே வந்தது. நான் பிரேக்கை அழுத்தினேன். எதன்மேலும் மோதவில்லை, மாடும் தப்பியது. திரும்பிப் பார்த்தால் பிள்ளை மடியில் இல்லை. இரண்டு இருக்கைகளுக்கும் இடையே கிடந்தான், வாயெல்லாம் இரத்தம். உதட்டில் நான்கு தையல் போட்டார்கள். தாயாருக்கு மணிக்கட்டு முறிந்தது. மருத்துவமனையில் அவர் தம் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கெட்டியாத்தான் சாமி பிடிச்சிருந்தேன், கெட்டியாத்தான் பிடிச்சிருந்தேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார்.

அவர் பொய் சொல்லவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தார். ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மேலாவது மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரின் எடை சுமார் 14 மடங்காகக் கனக்கும். மடியில் இருக்கும் 10 கிலோ பிள்ளை 140 கிலோவாகிவிடும். தோட்டத்தில் 50 கிலோ உர மூட்டை தூக்கியிருக்கிறீர்களே, அதில் ஏறக்குறைய மூன்று மூட்டை! எந்தத் தாயின் கை அதைப் பிடித்து நிறுத்தும்? இன்னொரு வகையில் சொன்னால், அந்த வேகத்தில் மோதுவது 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். வளர்ந்த செம்பனையின் உச்சியை அண்ணாந்து பாருங்கள், அந்த உயரம்.

இப்போது நாம் வழக்கமாகச் சொல்லும் சாக்குகளை எடுத்துக்கொள்வோம்.

'பக்கத்தில்தானே போகிறோம்' என்கிறோம். அந்த 20 கிலோமீட்டர் வேகத்தை நினைத்துப் பாருங்கள். 'பின்னால்தானே உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறோம். பட்டை மாட்டாமல் பின்னால் இருப்பவர் மோதலின்போது மூட்டையாகப் பறந்து வந்து முன்னால் இருப்பவரை நசுக்குவார். மகன் ஓட்ட, பின்னால் தகப்பனார் பட்டையில்லாமல் இருந்தால், மகனின் உயிருக்கும் ஆபத்து. 'கார் ஆற்றில் விழுந்தால், தீப்பிடித்தால் வெளியே வர முடியாதே' என்கிறோம். அத்தகைய விபத்து மிக அபூர்வம்; அப்போதும் நினைவோடு இருப்பவர்தான் கதவைத் திறந்து வெளியே வர முடியும். முதல் மோதலில் மண்டை உடையாமல் நினைவைக் காப்பது பட்டையே. 'எல்லாம் விதி' என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மழை வந்தால் கூரையை ஒழுக விட்டுவிட்டு விதி என்று உட்கார்ந்திருக்கிறோமா? வெள்ளம் வருமுன் அணை போடு என்று சொன்னவர்களும் நம் முன்னோர்தாமே. பட்டை மாட்டுவதால் சாவு வரும் வாய்ப்பு பாதி வரை குறையும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

கார் கூவி எச்சரிப்பதை நிறுத்துவதற்காகப் பொய்க் கொக்கி வாங்கிச் செருகுகிறவர்களும் நம்மிடையே உண்டு. 1974இல் அமெரிக்கர் வெட்டிய கம்பிக்கு இது தம்பி.

2020 ஜனவரி முதல் நாளிலிருந்து காரில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்பதும் நம் நாட்டில் சட்டமாகிவிட்டது. விலை அதிகம் என்று சொல்லலாம்; உண்மைதான். ஆனால் பிள்ளையின் முழுநிலவு விருந்துக்கும் பிறந்தநாளுக்கும் நாம் செலவிடுவதை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். உறவினர் வீட்டில் பயன்படாமல் கிடக்கும் இருக்கையை, அது விபத்தில் சிக்காததா என்று கேட்டு, வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

2025 ஜூன் 9ஆம் நாள் விடியற்காலையில், கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து 15 மாணவர்கள் மாண்டார்கள். சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். நாளைக்கு வகுப்பறையில் நிற்க வேண்டியவர்கள். அந்தச் செய்தியைக் கேட்ட அன்று எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் தேநீர் குடிக்கவில்லை. அந்த ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து விரைவுப் பேருந்திலும் சுற்றுலாப் பேருந்திலும் பட்டை இருந்தால் பயணிகளும் மாட்ட வேண்டும் என்று சாலைப் போக்குவரத்துத் துறை நடவடிக்கை எடுக்கத் தொடங்கியது. ஆகவே, பள்ளிச் சுற்றுலாவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், 'சாப்பாடு இருக்கிறதா' என்று கேட்பதோடு 'பேருந்தில் பட்டை இருக்கிறதா' என்றும் கேளுங்கள்.

மாட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். கீழ்ப்பட்டை வயிற்றின்மேல் அல்ல, இடுப்பு எலும்பின்மேல் படிய வேண்டும். மேல்பட்டை கழுத்தை உரசாமல் தோளின் நடுவே வர வேண்டும். அக்குளுக்கு அடியில் விடக்கூடாது. கர்ப்பிணிப் பெண்களும் மாட்ட வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் போக வேண்டும். பட்டை முறுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் இப்போது ஒரு வழக்கம் இருக்கிறது. கார் கிளம்புமுன் அந்தப் பேரன்தான் எல்லாரையும் பார்த்து, "மாட்டியாச்சா?" என்று கேட்பான். முதலில் பாட்டி, "மாட்டியாச்சு சாமி" என்று பதில் சொல்வார். எல்லாரும் சொன்ன பிறகே நான் சாவியைத் திருப்புவேன். அவன் உதட்டில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

போலீஸ் நிற்கும் இடத்தில் மட்டும் மாடு குறுக்கே வருவதில்லை. நாளை காரில் ஏறும்போது, முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். மடியில் இருக்கும் பிள்ளையைத் தனி இருக்கையில் உட்கார வையுங்கள்.