தென் திருவிதாங்கூரின் ஆரம்பப் பாடசாலைகளும் நம் பிள்ளைகளும்

நாஞ்சில் நாடென்று முன்னோர் வழங்கியது தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரு தாலுகாக்களையே. அவற்றோடு கல்குளம், விளவங்கோடு என்னும் இரண்டும் சேர்ந்து, 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 1-ஆம் தேதி சென்னை இராஜ்யத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. 2011-ஆம் வருஷத்து ஜனக்கணிப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேர், தமிழ்நாடு முழுவதற்கும் அத்தொகை 80.09. இப்பெருமையை மேடைதோறும் பேசுவோர் பலர். இஃது எவ்வழி வந்ததென்று ஆராய்வோர் சிலரே.

கொல்லம் 992-ஆம் ஆண்டு, அதாவது 1817-இல், திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் அவர்கள், பிரஜைகளின் கல்விச் செலவைச் சர்க்காரே ஏற்கவேண்டுமென்று நீட்டு ஒன்று பிறப்பித்தார்கள். அக்காலத்தில் இது அரிய செயலே. ஆயினும் கோவிலை அடுத்த தெருவில் நடக்கவும் உரிமையின்றி, தலைவரியும் ஊழியமும் சுமந்திருந்த நம் சமூகத்தார்க்கு அந்நீட்டின் பயன் நெடுங்காலம் எட்டவில்லை. ஓலையில் எழுதிய ஆணைக்கும் திண்ணையில் உட்காரும் பிள்ளைக்கும் இடையே இருந்த தூரம் அத்தகையது.

நம்மவர்க்கு எழுத்து வேறு வழியாய் வந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியப் பாதிரியார், 1816-இல் இந்நாட்டை விட்டு நீங்கும்வரை, தாம் கூட்டிய சபைகளோடு சிறு பாடசாலைகளையும் நடத்திவந்தார். அவர்க்குப் பின் 1818-இல் நாகர்கோவிலை அடைந்த மீட் ஐயரும், அடுத்த வருஷம் வந்த மால்ட் ஐயரும் அவ்வேலையை விரிவாக்கினர். 1819-இல் தோன்றிய நாகர்கோவில் செமினாரியே பிற்காலத்து ஸ்காட் கிறிஸ்தவக் கலாசாலைக்கு வித்தாயிற்று.

இவற்றினும் நாம் பெரிதாக எண்ணுவது, அதே காலத்தில் அவ்விருவரின் மனைவியரும் பெண்களுக்கென்று வைத்த பாடசாலையையே. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதென்பது அன்று பெரும்பாலும் கேளாத பேச்சு. உண்டியும் உறையுளும் கொடுத்தே பெண்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. எழுத்தோடு ரேந்தைப் பின்னலும் அங்குக் கற்பிக்கப்பட்டது. அடிமைகளாயிருந்த பெண்கள் சிலர் அப்பின்னலால் ஈட்டிய பொருளைக்கொண்டே தங்கள் விடுதலையை வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டதோ 1855-இல்தான். கற்ற பெண்கள் மேலாடை தரித்து வெளிவரத் தொடங்கியதும் அதனால் எழுந்த கலகங்களும், 1859-ஆம் வருஷத்து விளம்பரமும் நம் குடும்பங்கள்தோறும் வழங்கும் கதைகளாதலின் ஈண்டு விரிக்கோம். பாடசாலையும் தோட்சீலையும் ஒரே வழக்கின் இரு பக்கங்கள் என்பதுமட்டும் மறக்கற்பாலதன்று.

சர்க்கார் பாடசாலைகள் பெருகியது திவான் மாதவராயர் காலத்திலும் அதன் பின்னருமே. அவற்றிலும் ஒரு குறையிருந்தது. ராஜ்யபாஷை மலையாளமாதலால் தமிழ்ப் பிள்ளைகளும் மலையாளத்திலேயே தொடங்கவேண்டிய நிலை பல இடங்களில் இருந்தது. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையவர்களே பள்ளியில் மலையாளம் வாசித்து, சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே தமிழ் கற்கவேண்டியதாயிற்று.

இவ்வாறு வருந்திப் பெற்ற பாடசாலையின் வாயிலில் இன்று நிகழ்வது யாது? உள்ளே புகப் போராடியோரின் பேரப்பிள்ளைகள் அதனைக் கடந்து வேறிடம் செல்கின்றனர். காரணம் ஒன்றன்று. முதலாவது, பிள்ளைகளே குறைந்துவிட்டனர். 2011-இல் இம்மாவட்டத்து ஜனங்கள் 18,70,374 பேர். அவருள் ஆறு வயதுக்குட்பட்டோர் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இந்தியா முழுவதற்கும் அது 13-க்கு மேல். பெண்கள் கற்றதன் பயனே இது. இதனைக் குறையென்று கூறுவார் நம்முள் இலர். இரண்டாவது, ஆங்கில பாலர் பள்ளிகளின் வாகனம் வாயிற்படிவரை வருகின்றது. மூன்றாவது, தாய்தந்தையர் பிழைப்பை நாடிப் பாரசீக வளைகுடா நாடுகளுக்கும் சென்னைக்கும் செல்லுங்கால், அனுப்பும் பணம் கட்டணப் பள்ளிக்கே போகின்றது. ஆகவே ஊர்ப் பாடசாலையில் எஞ்சுவோர் கட்டணத்துக்கு வழியற்றோரின் பிள்ளைகளே.

இங்ஙனம் சுருங்கிய பாடசாலையைத் தேர்ச்சி விழுக்காட்டால் அளப்பது நேரிய அளவன்று. பத்துப் பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒரு பிள்ளை காய்ச்சலாய்ப் படுத்தால் நூற்றுக்குப் பத்து வீழ்ந்துவிடும்! 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் அறுபது பிள்ளைகள்வரை இரண்டு உபாத்தியாயர்களையே விதிக்கின்றது. அவ்விருவரும் ஐந்து வகுப்புகளையும் பகிர்ந்து நடத்தவேண்டும். ஒரு வகுப்பு ஏட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்க, மற்றொரு வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் உபாத்தியாயரின் பாடு, விழுக்காட்டில் தெரிவதில்லை. பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாமே என்பார்க்கு ஒன்று கூறுவோம்: குளத்துக் கரையும் பெருஞ்சாலையும் கடந்து ஆறு வயதுப் பிள்ளை நடக்கவேண்டிய தூரத்தை முதலில் நடந்து பார்க்கட்டும்.

நம் அங்கத்தினர் குடும்பங்களில், முன்னோர் கட்டிய பாடசாலைகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் பேணிவைத்திருப்போர் இருத்தல் கூடும். எந்த வருஷத்தில் எத்தனை பிள்ளைகள், அவருள் பெண்கள் எத்தனை பேர், பெற்றோரின் தொழில் யாது என்னும் விவரங்களைப் படியெடுத்துச் சங்கக் காரியதரிசிக்கு அனுப்புவாராயின், பாடசாலையை மூடுவதா வைப்பதா என்ற பேச்சு எழும் ஊர்களில் அவற்றை முன்வைத்துப் பேசலாகும்.