போர்முனையில் பிறந்த கல்சுவர்

மலைப்பாதையில் போகும்போது பார்த்திருப்பீர்கள்: கம்பிவலைப் பெட்டிகளுக்குள் கற்களை அடுக்கி, சரிவை ஒட்டிப் படிப்படியாக எழுப்பிய சுவர். பொறியாளர்கள் இதை ‘கேபியன்’ என்பார்கள். சரிவில் வீடு கட்டுகிறவர்களும் இப்போது இதை நாடுகிறார்கள். ஆனால் இதன் பிறப்பு போர்க்களத்தில்!

பீரங்கிகள் கோட்டைகளைத் தகர்த்துக்கொண்டிருந்த 16ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், படைகள் குச்சிகளால் பின்னிய அடியில்லாக் கூடைகளைப் பயன்படுத்தின. கூடையை நிறுத்தி, அங்கேயே வெட்டிய மண்ணைக் கொட்டினால் அரண் தயார். கருங்கல் குண்டுபட்டுச் சிதறும். மண்ணோ குண்டை உள்வாங்கிக்கொள்ளும். 1864இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பீட்டர்ஸ்பர்க் முற்றுகையிலும் அதே கூடைகள்தான்.

கூடை இரும்பானது இத்தாலியில். போலோன்யா அருகே ரேனோ ஆற்றுத் தடுப்பணையை வெள்ளம் சேதப்படுத்தியது. மக்காஃபெர்ரி என்ற கொல்லர் குடும்பத்தின் நிறுவனம், 1894இல் கம்பிவலைக்குள் கல்லை நிரப்பி அதைச் சீர்செய்தது.

ஆற்றைத் தடுத்த பெட்டி மலையையும் தாங்கியது. மழையில் ஊறிய மண் கனக்கும். அதன் பிடிப்பும் தளரும். நீர் வடிய வழியில்லாத சுவரின் பின்னே அழுத்தம் ஏறி, ஒருநாள் சுவரே சாயும். கேபியனிலோ கல்லிடுக்குகள் வழியே நீர் வடிந்துவிடும். பின்னால் விரிக்கும் வடிகட்டித் துணி மண்ணை மட்டும் நிறுத்திக்கொள்ளும். ஒரு கன மீட்டர் பெட்டி ஒன்றரை டன்னுக்கு மேல் கனத்து, சரிவின் அடியை அழுத்திப் பிடிக்கும். நிலம் சற்று இறங்கினாலும் பிளக்காமல் வளைந்துகொடுக்கும்.

கதை வட்டமடித்தது இங்கிலாந்தின் லீட்ஸில். முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஜிமி ஹெசல்டன், 1989 வாக்கில், மண்ணரிப்பைத் தடுக்க, துணி உறையிட்ட மடக்கும் கம்பிப்பெட்டியைச் செய்தார். அதை வாங்க ராணுவங்கள் வந்தன! வளைகுடாப் போரில் மணல் நிரப்பிய அந்தப் பெட்டிகள் அரண்களாயின. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸின் வெள்ளக் கரைகளையும் அவை பலப்படுத்தின.

இத்தனை கைமாறியும் ஒரு விதி மாறவில்லை: நீருக்கு வழிவிடும் சுவரே சரிவில் நிலைக்கும். மேலே வடிகால் இல்லாவிட்டாலோ, கம்பி துருப்பிடித்தாலோ கேபியனும் தோற்கும். ஆகவே சரிவில் மனை வாங்குகிறவர்கள், சுவரின் உயரத்தைக் கேட்பதற்கு முன், மழைநீர் எந்த வழியாகப் போகும் என்று மண்ணை ஆராய்ந்த பொறியாளரிடம் கேளுங்கள்.